மத்தியானம் 2 மணிக்கு மேல் செக்கிங்கில் தவறு கூடுகிறது: தண்ணீர்ப் பற்றாக்குறைதானா?

கொங்குத்தறி

பனியன் கம்பெனி, ஃபினிஷிங் செக்‌ஷன். ஒரே ஹாலில் ஒரு பக்கம் ஸ்டீம் அயர்ன், எதிர்ப்பக்கம் செக்கிங் டேபிள். ஷிப்ட் காலை 8.30, சாப்பாட்டு நேரம் 1 மணி. 2 மணிக்கு மேல் ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை எல்லாம் செக்கிங்கைத் தாண்டிப் பேக்கிங் வரைக்கும் போய்விடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் அதிகம். ஆட்கள் அதே ஆட்கள்தான், காலையில் கண் தப்பாமல் பிடிக்கிறவர்கள்தான்.

"தண்ணி குடிக்காததால மூளை மந்தமாகுது, ஆளுக்கு ரெண்டு லிட்டர் பாட்டில் கொடுத்துக் கட்டாயமாக் குடிக்க வைங்க" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. தண்ணீருக்கும் கவனத்துக்கும் உண்மையிலேயே இவ்வளவு தொடர்பு உண்டா? எவ்வளவு குறைந்தால் பாதிக்கும்? எங்கள் ஹாலில் அப்படிக் குறைகிறதா என்று லேப் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? விவரம் தெரிந்தவர்கள் எண்ணோடு சொல்லுங்க.

நீரோட்டம்

தொடர்பு உண்டு. ஆனால் பாட்டிலைக் கையில் திணிக்கும் முன்னால் உடம்பு எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

உடம்பு கண்ணும் கருத்துமாகக் காப்பது ரத்தத்தின் அடர்த்தியை. ஒரு கிலோ ரத்த நீரில் சோடியம், சர்க்கரை, யூரியா எல்லாம் சேர்ந்து 275 முதல் 295 மில்லிஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு) வரை கரைந்திருக்கும். வியர்வையில் உப்பு ரத்தத்தைவிடக் குறைவு. அதனால் வியர்க்க வியர்க்க, உள்ளே மிஞ்சும் ரத்தம் அடர்த்தியாகிக்கொண்டே போகும். ஓரிரு சதவீதம் ஏறினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் உள்ள உணர்வுச் செல்கள் அதைப் பிடித்துவிடும். உடனே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கும், சிறுநீரகம் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், சிறுநீர் அடர் மஞ்சளாகும், தாகம் எடுக்கும்.

ரத்தம் அடர்த்தியானால் மூளைச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியே வரும். செல்லின் சவ்வில் இதற்கென்றே அக்வாபோரின் என்ற புரத வாய்க்கால்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் ஆக்ருக்கு 2003இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. பதின்பருவத்தினரை உடற்பயிற்சி செய்ய வைத்து, நன்றாக வியர்க்கவிட்டு, மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். திட்டமிட்டுத் தீர்க்க வேண்டிய ஒரு புதிரில் அவர்கள் மதிப்பெண் குறையவில்லை. ஆனால் அதே மதிப்பெண்ணை எடுக்க மூளையின் முன்பகுதியும் மேல்பகுதியும் வழக்கத்தைவிட அதிகமாக இயங்க வேண்டியிருந்தது. உங்கள் ஹாலில் நடப்பதும் இதுவாக இருக்கலாம்: அதே வேலைக்கு அதிக முயற்சி, அதனால் சீக்கிரம் சலிப்பு.

எவ்வளவு குறைந்தால் என்பதற்கு எண்கள்:

கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழு 2011இல் ஆண்களை ஆராய்ந்தது. உடல் எடையில் 1.6 சதவீதம் அளவுக்கு நீர் குறைந்தபோது கண்காணிப்பு வேலையில் தவறு கூடியது, களைப்பும் பதற்றமும் ஏறின. அதே குழு 2012இல் பெண்களை ஆராய்ந்தபோது, 1.4 சதவீத அளவில் சோதனை மதிப்பெண்கள் பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் தலைவலி, எரிச்சல், "மனசு ஒட்டமாட்டேங்குது" என்ற உணர்வு, வேலை கடினமாகத் தெரிவது எல்லாம் கூடின. டெல்லியில் நம் பாதுகாப்புத் துறையின் உடலியல் ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்தியாவின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த 11 பேரை வைத்து நடந்தது. குறுகிய கால நினைவு, கூட்டல் கணக்கு, கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் வேலை மூன்றும் 2 சதவீதத்தில் தெளிவாகச் சரிந்தன. 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையும் 2 சதவீதத்துக்கு மேல்தான் பாதிப்பு துலக்கம் என்றது. அதிகம் அடிபடுவது கவனமும், கை-கண் ஒத்திசைவும், முடிவெடுப்பதும். செக்கிங் டேபிளில் தேவைப்படுவது அத்தனையும் இவைதான்.

55 கிலோ ஆளுக்கு 1 சதவீதம் என்றால் 550 மில்லி. 2 சதவீதம் என்றால் 1.1 லிட்டர். இந்த இரண்டு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு அளக்க ஆரம்பியுங்கள்.

தொழிற்காப்பு

அளக்கும் முறை நான் சொல்கிறேன். தராசு ஒன்று போதும், ஆனால் 50 கிராம் வரை காட்ட வேண்டும். வீட்டு எடை மெஷின் சில போன எடையை நினைவில் வைத்து அதையே திரும்பக் காட்டும். கொஞ்சம் மாறியிருந்தாலும் மாறாதது போலத் தெரியும். ஆள் ஏறி இறங்கியதும் அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து மறுபடி ஏறச் சொல்லுங்கள். அரை கிலோ கூடிக் காட்டாவிட்டால் அந்தத் தராசு உதவாது. சிமென்ட் தரையில் வையுங்கள், மரப்பலகை மேல் வேண்டாம்.

ஷிப்ட் தொடங்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, செருப்பு, செல்போன், சாவி எல்லாம் கழற்றிவைத்து எடை. மறுபடி 1 மணிக்குச் சாப்பாட்டுக்கு முன். நடுவில் குடித்தது ஒவ்வொரு டம்ளரும் குறிக்கப்பட வேண்டும். காபி, டீ, மோர், பலகாரம் எல்லாம் கணக்கில் வரும். நடுவில் டாய்லெட் போனால் போகும் முன்னும் வந்த பின்னும் தராசில் ஏறினால் போதும், எவ்வளவு வெளியேறியது என்று வித்தியாசம் சொல்லும்.

வியர்வை = (காலை எடை − 1 மணி எடை) + குடித்தது, தின்றது − சிறுநீர்.

எடுத்துக்காட்டு: காலை 55.0, மத்தியானம் 54.3. குடித்தது 400 மில்லி, சிறுநீர் 200 மில்லி. 0.7 + 0.4 − 0.2 = 0.9 லிட்டர். நாலரை மணி நேரத்துக்கு இது, ஆக மணிக்கு 200 மில்லி. பற்றாக்குறை 0.7 கிலோ, அதாவது 1.3 சதவீதம். கவனம் சிதறத் தொடங்கும் வாசலில் இந்த ஆள் நிற்கிறார்.

இரண்டு இடத்தில் கணக்கு தப்பும். ஒன்று, அயர்ன் பக்கம் இருப்பவர்களின் சட்டை, சேலை வியர்வையில் ஊறியிருக்கும். அந்த ஈரம் 100, 200 கிராம் இருக்கலாம், ஆள் இழந்தது எடையில் குறைந்து காட்டும். உலர்ந்த மாற்று உடுப்பு ஒன்றில் இரண்டு தடவையும் எடுப்பது நல்லது. இரண்டாவது இன்னும் முக்கியம்: காலையில் வரும்போதே தண்ணீர் குறைந்து வருபவர்கள். ஆறு மணி பஸ், காலைச் சாப்பாடு கிடையாது, ஒரு டீ மட்டும். அவர்களுடைய 8.30 மணி எடையே குறைவு, அதை அடிப்படையாக வைத்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

நீரோட்டம்

அதற்குத்தான் சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்க்க வேண்டும். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு போதும். முதலில் டிஸ்டில்டு வாட்டர் விட்டு 1.000 காட்டுகிறதா பார்த்துத் திருகி நிறுத்துங்கள். 1.020க்கு மேல் போனால் நீர் குறைந்த நிலை. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் சர்க்கரை இறங்கினால் கருவி பொய்யாக ஏற்றிக் காட்டும். அவர்களுக்கு டிப்ஸ்டிக் (சிறுநீரில் முக்கும் சோதனைப் பட்டை) நல்லது.

நிறத்தை மட்டும் பார்ப்பதும் பயன்படும், ஆனால் பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவருக்குப் பளீரென்று மஞ்சளாக வரும், பீட்ரூட் தின்றால் சிவக்கும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வார்டு நர்ஸ்

எடை, கருவி எல்லாம் சரிங்க. செக்கிங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் ஏன் குடிப்பதில்லை என்று யாரும் கேட்கவில்லையே. டாய்லெட் தூரம், தாழ்ப்பாள் இல்லை, பக்கெட் இல்லை, போக வேண்டும் என்றால் சூப்பர்வைசரிடம் டோக்கன். இப்படி இருந்தால் எந்தப் பெண்ணும் வேண்டுமென்றே குடிக்காமல்தான் இருப்பாள். மாதவிலக்கு நாட்களில் இன்னும் மோசம். பாட்டிலைக் கையில் கொடுத்தால் மூடியைத் திறக்காமலே மாலையில் திருப்பி வைப்பார்கள். அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று தனியாக வரும்.

சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே கவனத்தைத் தின்னும். ஒரு பெண் 12 மணியிலிருந்து அடக்கிக்கொண்டு 3 மணிக்குத் துணியில் ஓட்டை தேடினால் கண் துணியில் நிற்காது. தண்ணீர்த் திட்டம் போடுகிறவர் முதலில் டோக்கனை எடுத்துவிட வேண்டும். தாழ்ப்பாள், பக்கெட், தண்ணீர், நாப்கின் போட மூடிபோட்ட தொட்டி. இது இல்லாமல் மற்றது எதுவும் வேலை செய்யாது.

தொழிற்காப்பு

நூற்றுக்கு நூறு. குடிநீர் வைக்கும் இடத்துக்கும் விதி உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 18ஆம் பிரிவே கழிப்பறை, கழுவும் இடம், சாக்கடை ஆகியவற்றிலிருந்து 6 மீட்டருக்குள் குடிநீர் கூடாது என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் சொன்னது. பல இடங்களில் ஃபில்டர் டாய்லெட் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே போய்க் குடிக்க யாருக்கும் மனம் வராது.

இயற்கைவழி

இவ்வளவு கணக்கு எதற்கு? தினமும் 5 லிட்டர் குடித்தால் மூளை தானாகத் தெளியும். தாகம் எடுக்கும் வரை காத்திருந்தால் அதற்குள் சேதம் நடந்து முடிந்துவிடும்.

நீரோட்டம்

இதை ஒப்புக்கொள்ள முடியாது, ஆபத்தானதும்கூட. பற்றாக்குறை இல்லாதவருக்குக் கூடுதலாக ஊற்றுவதால் கவனம் கூடும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. தாகத்தோடு இருப்பவர் குடித்தால் எதிர்வினை வேகம் சீராகும், உண்மை. தாகம் இல்லாதவரிடம் அந்தப் பலன் இல்லை.

தாகம் வரும்போது சேதம் முடிந்திருக்காது. ஆரோக்கியமான இளவயதினருக்கு 1, 2 சதவீத இழப்புக்குள் தாகம் வந்துவிடும். விதிவிலக்கு மூன்று பேர்: முதியவர்கள், கடும் வெயிலில் விடாமல் உழைப்பவர்கள், வேலை மும்முரத்தில் தாகத்தைத் தள்ளிப்போடுகிறவர்கள். கொங்குத்தறியின் ஆட்கள் மூன்றாம் வகை.

தினம் 8 டம்ளர் என்ற பேச்சுக்கும் இதே குறை. அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் 1945இல் இரண்டரை லிட்டர் என்று எழுதியபோது, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சேர்த்தே எழுதியது. பின்வரி மறைந்து முன்வரி மட்டும் ஊர் சுற்றியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்ன அளவு, சாப்பாட்டில் உள்ள நீரையும் சேர்த்து, பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். அதுவும் மிதமான தட்பவெப்பத்துக்கு.

டயாலிசிஸ் அறை

5 லிட்டர் பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நல்ல சிறுநீரகம்கூட மணிக்கு 800 மில்லி முதல் 1 லிட்டர் வரைதான் வெளியேற்றும். அதற்கு மேல் வேகமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இயல்பு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். அதற்குக் கீழே போனால் தலைவலி, குமட்டல், மந்தம். 120ஐ நெருங்கினால் குழப்பம், வலிப்பு, மூளை வீக்கம். 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக்கோட்டில் ரத்தம் எடுக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு சோடியம் 135 அல்லது அதற்கும் கீழ் இருந்தது. ஓட்டத்தின்போது அதிகம் குடித்து எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம்.

பாருங்கள், நீர் குறைந்தாலும் தலைவலி, மந்தம். நீர் மிகுந்தாலும் தலைவலி, மந்தம். அறிகுறியை மட்டும் பார்த்து "இன்னும் குடி" என்பது தவறு. தராசுதான் பிரித்துக் காட்டும்: காலையில் நீர் குறையாமல் வந்தவரின் எடை, சாப்பாட்டுக்கு முன் காலை எடையைவிடக் கூடியிருந்தால், அவர் தேவைக்கு மேல் குடிக்கிறார்.

சிறுநீரகம் பழுதானவர், இதயம் தளர்ந்தவர், கல்லீரல் சுருங்கியவர் எவரும் இந்த இழையில் உள்ள அளவுகளைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் தந்த அளவு மட்டுமே.

மருந்துக்கடை

மாத்திரைகளையும் பாருங்கள். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் சாப்பிடுகிறவர்களுக்கு சோடியம் எளிதில் இறங்கும். அவர்களைக் கட்டாயமாகத் தண்ணீர் குடிக்க வைப்பது விபரீதம். ஃப்யூரோசெமைடு, சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் தண்ணீரை வெளியே தள்ளும், இவர்கள் வெயிலில் சீக்கிரம் வாடுவார்கள். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிக் கை நடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் வரும். அது அவசர சிகிச்சைக்குரியது.

சளிக்கு மெடிக்கலில் சும்மா வாங்கிப் போடும் குளோர்பெனிரமின் மாத்திரை தூக்கம் வரவைக்கும். மத்தியான மந்தத்துக்கு அதுவே போதுமான காரணம்.

வார்டு நர்ஸ்

ரத்தசோகையை விட்டுவிட்டீர்களே. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருப்பவருக்குத் தண்ணீர் கொடுத்தாலும் களைப்பு போகாது. கேம்ப் ஒன்று போட்டு எல்லோருக்கும் பார்த்துவிடுங்கள்.

கொங்குத்தறி

எல்லோருக்கும் நன்றிங்க. டோக்கன் விஷயம் சுருக்கென்று பட்டது, அதை முதலில் எடுக்கச் சொல்கிறேன். இன்னும் சில கேள்வி: ஓஆர்எஸ் பாக்கெட் கொடுக்கலாமா? மோர், இளநீர்? டீ குடித்தால் தண்ணீர் வற்றும் என்கிறார்களே, 11 மணி டீயை நிறுத்தணுமா? ஒரு மணிக்கு எவ்வளவு கொடுப்பது?

நீரோட்டம்

டீயை நிறுத்த வேண்டாம். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 2014இல் 50 ஆண்களுக்கு 200 மில்லி காபி நாளுக்கு 4 என்று கொடுத்துப் பார்த்தார்கள், உடல் நீர் நிலையில் தண்ணீர் குடித்தவர்களோடு வித்தியாசம் இல்லை. வழக்கமாகக் குடிக்கிறவருக்கு டீயும் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

ஓஆர்எஸ் வயிற்றுப்போக்குக்கானது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2002 சூத்திரம் லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9. குடலில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு சோடியத்தைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீர் போகும். அளவு மாறினால் இந்த ஏற்பாடு கெடும். அரை டம்ளரில் முழுப் பாக்கெட்டைக் கரைத்தால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும், உப்பும் அபாயமாக ஏறும். மேசையில் உட்கார்ந்து மணிக்கு 200 மில்லி வியர்ப்பவருக்கு இது தேவையே இல்லை. சாம்பாரிலும் ஊறுகாயிலும் போகும் உப்பு தாராளம். கடையில் விற்கும் இனிப்புப் பான டப்பாக்களை ஓஆர்எஸ் என்று நினைத்து வாங்காதீர்கள்.

அயர்ன் பக்கம் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் வியர்த்தால் மட்டும் மோர்: ஒரு லிட்டர் நீர்மோருக்கு அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. சோடியம் ஏறக்குறைய 50 மில்லிமோல் வரும், வியர்வையில் போவதற்குக் கிட்டத்தட்ட ஈடு. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பில்லாமல். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலேக்டோன் மாத்திரை சாப்பிடுபவருக்கும் வேண்டாம்.

தொழிற்காப்பு

அளவு உங்கள் தராசு சொல்லும். செக்கிங்குக்கு மணிக்கு 200 மில்லி வந்தால் மணிக்கு ஒரு டம்ளர். அயர்னுக்கு 450 வந்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 150 மில்லி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்புகள் வெயில் வேலைக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒரு கப் என்கின்றன, அது மணிக்கு முக்கால் லிட்டரைத் தொடும். அந்த அளவை உங்கள் செக்கிங் டேபிளில் வைத்தால் மிகை. மணிக்கு சுமார் 1.4 லிட்டரைத் தாண்டவே கூடாது என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். ஒரே மூச்சில் அரை லிட்டர் குடித்தால் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும், பிரித்துக் குடிப்பதே தங்கும். காலை வேலைக்கு முன் இட்லியோ கஞ்சியோ உள்ளே போக வேண்டும். நாளின் நீரில் ஒரு பங்கு சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது, ஒரு வேளையைத் தவிர்ப்பவர் அந்த வேளையின் நீரையும் இழக்கிறார்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. பிற்பகல் 2 முதல் 4 வரை உடம்பின் கடிகாரமே தளரும் நேரம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் வரும். கூடவே ஹாலின் சூடும் ஸ்டீமும் அப்போதுதான் உச்சம். சூடு தனியாகவே கவனத்தைக் குறைக்கும். ஆகவே தண்ணீர் கொடுத்துத் தவறு குறைந்தாலும், குறைத்தது தண்ணீர்தானா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

100 பீஸ் கட்டு, அதில் உங்களுக்கு மட்டும் தெரிந்த 10 குறைகள். காலை 10.30க்கு ஒரு கட்டு, மத்தியானம் 3க்கு வேறு ஒரு கட்டு, ஆறு செக்கருக்கும். ஐந்து வேலை நாளில் நேரத்துக்கு 300 குறைகள் சேரும், எத்தனை தப்பியது என்று எண்ணலாம். முதல் வாரமும் மூன்றாம் வாரமும் வழக்கம் போல, தண்ணீர் கேட்டால் தாராளமாகக் கிடைக்கும். இரண்டும் நான்கும் மணிக்கொரு டம்ளர் டேபிளுக்கே வரும். யாருக்கும் தண்ணீரைத் தடுத்து ஒப்பிடக் கூடாது. குடிக்க நிறுத்தும் 2 நிமிடமே கண்ணுக்கு ஓய்வு, அதனால் வழக்கமான வாரங்களிலும் அதே 2 நிமிட நிறுத்தம் இருக்கட்டும். டேபிள் உயரத்தில் ஈரக்குமிழ் வெப்பமானி (சூட்டையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டுவது) ஒன்று வைத்து தினமும் குறியுங்கள். மின்விசிறியையோ லைட்டையோ இந்த நாலு வாரத்தில் மாற்றாதீர்கள்.

நீரோட்டம்

3 மணிக் கட்டுக்குச் சற்று முன் தண்ணீர் கொடுக்காதீர்கள். வாய் நனைந்த நிமிடமே தாகம் அடங்கும், தெம்பாகவும் இருக்கும். ஆனால் குடித்ததில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். கடைசி டம்ளர் 2 மணிக்கு, கட்டு 3 மணிக்கு என்று வைத்தால் அடர்த்தி சரியானதன் பலனைப் பார்க்கலாம்.

வார்டு நர்ஸ்

கம்பெனியில் வயதான வாட்ச்மேன்கள் இருப்பார்களே, அவர்களுக்கு மணிக்கொரு டம்ளர் நேராகவே கொடுத்துவிடுங்கள், தாகம் சொல்லும் என்று விடாதீர்கள், மேலே சொன்ன நோய்கள் இல்லையென்றால். வெயில் நாளில் யாராவது திடீரென்று பேச்சுக் குழறினால், இடம் தெரியாமல் விழித்தால், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். நிழலில் கிடத்தி, உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். அது வெப்பவாதமாக இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம், சர்க்கரை இறங்கியதாகவும் இருக்கலாம். குளுக்கோமீட்டர் இருந்தால் ஆம்புலன்ஸ் வரும் முன் ஒரு சொட்டு ரத்தம் பார்த்து, எண்ணைக் குறித்துக் கையில் கொடுங்கள்.